பிளான் மாறும்போது டீமும் கூட வரணுமே: நடுவுல நிக்கற மேனேஜருக்கு வேண்டிய திறமை

இப்போ எந்தக் கம்பெனியோட அப்ரைசல் ஃபார்ம எடுத்தாலும் அதுல 'அடாப்டபிலிட்டி'ன்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல 1லேருந்து 5 வரைக்கும் மார்க் போட ஒரு கட்டம் இருக்கும். டீம் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர், ஷிப்ட் இன்சார்ஜ், பிராஞ்ச் மேனேஜர், ஏரியா சேல்ஸ் மேனேஜர்னு நடு மட்டத்துல இருக்கறவங்களுக்கு இந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்ங்கறாங்க, மார்க்கெட் மாறுது, டெக்னாலஜி மாறுது, கிளையன்ட் மாறுறாங்க, அதனால மேனேஜரும் மாறிக்கிட்டே இருக்கணும்னு சொல்றாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நடைமுறைல அந்த 5 மார்க் யாருக்குப் போகுதுன்னு பாத்தா, மேலேருந்து எது வந்தாலும் மறுபேச்சு பேசாம தலையாட்டற ஆளுக்குத்தான் போகுது. போன வாரம் ஒரு பிளான், இந்த வாரம் அதுக்கு நேர் எதிரா இன்னொரு பிளான், ரெண்டையும் அப்படியே டீமுக்கு ஃபார்வர்ட் பண்ற ஆளு ஃப்ளெக்ஸிபிள்னு பேர் வாங்கறாரு, "ஏன் மாத்தறோம்னு சொல்லுங்க சார், டீம்ல கேப்பாங்க"ன்னு கேட்ட ஆளு மாற்றத்துக்குத் தடையா இருக்காருன்னு பேர் வாங்கறாரு.

இந்த அளவுகோல் தப்புன்னு நான் உறுதியா நம்பறேன். நடு மட்டத்துல இருக்கற ஒருத்தர் தான் மட்டும் வேகமா மாறிக்கறதால யாருக்கும் பெருசா பிரயோஜனம் இல்ல, அவருக்குக் கீழ இருக்கற பத்துப் பேரோ இருநூறு பேரோ அவரோட சேந்து திரும்பினாதான் அந்த மாற்றம் நடந்ததா அர்த்தம். மேல இருக்கறவங்க ஒரு மீட்டிங்ல ஒரு ஸ்லைட மாத்தினா அவங்க வேலை முடிஞ்சுது, கீழ இருக்கறவங்கதான் கையால செய்யற வேலைய மாத்தணும், பழகின முறைய விடணும், பாதி முடிச்சத தூக்கிப் போடணும், இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கற ஆளுக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி. அதனால அவரோட திறமைய அளக்கணும்னா அவர் எவ்வளவு சீக்கிரம் சரின்னு சொன்னாருன்னு பாக்கக் கூடாது, அவர் திரும்பினப்போ அவர் பின்னாடி எத்தனை பேர் திரும்பினாங்க, ஏன் திரும்பினாங்கன்னுதான் பாக்கணும்.

இதப் புரிஞ்சுக்க ரெண்டு சம்பவத்த பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். ஒண்ணு 2011ல ஜப்பான்ல நடந்தது, இன்னொண்ணு 1949ல அமெரிக்காவுல. ரெண்டுலயும் முக்கியமான ஆளு மேலிடத்துக்கும் களத்துல இருக்கற ஆட்களுக்கும் நடுவுல இருந்தவரு, ரெண்டு பேருமே நிலைமைக்கு ஏத்தபடி தன்னை மாத்திக்கிட்டவங்க, எடுத்த முடிவும் ரெண்டு பேரோடதும் சரியான முடிவுதான். ஒருத்தர் பின்னாடி எல்லாரும் போனாங்க. இன்னொருத்தர் பின்னாடி யாருமே போகல.

ஃபுகுஷிமான்னு சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஹைட்ரஜன் வெடிச்சு கட்டடத்தோட கூரை பறந்த டாய்ச்சி அணுமின் நிலையம்தான். அதுக்குத் தெக்க சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துல அதே டெப்கோங்கற டோக்கியோ மின்சாரக் கம்பெனியோட இன்னொரு அணுமின் நிலையம் இருந்துது, பேரு ஃபுகுஷிமா டாய்னி, ஒவ்வொண்ணும் 1,100 மெகாவாட்னு நாலு ரியாக்டர். 2011 மார்ச் 11 வெள்ளிக்கிழமை மதியம் 2.46க்கு 9.0 மேக்னிடியூட் அளவுக்கு நிலநடுக்கம் வந்தப்போ நாலுமே ஓடிக்கிட்டுதான் இருந்துது, நாலும் தானாவே நின்னுடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு சுனாமி வந்துது. அந்த இடத்துக்கு 5.2 மீட்டர் அலை வரும்னுதான் கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க, வந்தது சுமார் 9 மீட்டர். கடலோரமா இருந்த கூலிங் பம்ப் கட்டடங்கள்ல தண்ணி பூந்து மோட்டார் எல்லாம் மூழ்கிப் போச்சு, நாலு யூனிட்ல மூணுக்குக் கூலிங் போயிடுச்சு, 3ம் யூனிட் மட்டும் பொழச்சுது.

ரியாக்டர் நின்னாலும் உள்ள இருக்கற எரிபொருள்லேருந்து சூடு வந்துக்கிட்டே இருக்கும், அந்தச் சூட்ட கடலுக்குக் கொண்டு போய்த் தள்ளற பம்ப் ஓடலன்னா உள்ள இருக்கற தண்ணி சூடாகும், அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல கதிரியக்கம் கலந்த ஆவிய வெளிய விட்டே ஆகணும், அதுவும் முடியலன்னா டாய்ச்சில நடந்ததுதான் இங்கயும் நடக்கும். அதனால மூணு யூனிட்டுக்கும் சேத்து கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடுச்சு, கையில இருந்தது ரெண்டு மூணு நாள்.

அங்க சூப்பரின்டென்டன்ட்டா இருந்தவரு நவோஹிரோ மசுதா. டோக்கியோ ஹெட் ஆபீஸ் மேல, பிளாண்ட்ல இருக்கற நூத்துக்கணக்கான ஆளுங்க கீழ, நடுவுல இவரு. அந்த பிளாண்ட்லயே நிறைய வருஷம் வேலை பாத்தவரு, எந்த பைப் எங்க போகுதுன்னும் தெரியும், எந்த ஆளு எதுக்கு சரிப்படுவாருன்னும் தெரியும். அன்னிக்கு சாயந்திரம் அவருக்கு முதல்ல தேவைப்பட்டது சேதம் எவ்வளவுன்னு ஒரு கணக்கு, அதுக்கு யாராவது வெளிய போய்ப் பாக்கணும். ஆனா ஆஃப்டர்ஷாக்னு சொல்ற பின்னதிர்வு நிக்காம வந்துக்கிட்டு இருக்கு, இன்னொரு சுனாமி வருமான்னு யாருக்கும் தெரியாது, இருட்டு வேற, வந்திருந்த ஆளுங்கள்ல பல பேருக்குத் தங்களோட வீடு இருக்கா குடும்பம் உயிரோட இருக்கான்னே தெரியாத நிலைமை. இந்த இடத்துல "போங்க"ன்னு ஆர்டர் போட்டிருக்கலாம், சூப்பரின்டென்டன்ட்டுக்கு அந்த அதிகாரம் இருக்கு.

அவரு அப்படிப் பண்ணல. ஒரு வெள்ளைப் பலகைல எத்தனை மணிக்கு எவ்வளவு பெரிய அதிர்வு வந்துதுன்னு வரிசையா எழுத ஆரம்பிச்சாரு. எழுத எழுத அந்தக் கணக்குல ஒரு விஷயம் தெரிய ஆரம்பிச்சுது, அதிர்வு கொஞ்சம் கொஞ்சமா கொறையுது, இடைவெளி கூடுது. ஆபத்து போயிடுச்சுன்னு அவருக்கே உறுதியாத் தெரியாது, ஆனா அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் அந்தப் பலகைல எல்லாரும் பாக்கற மாதிரி இருந்துது. ராத்திரி சுமார் 10 மணிக்கு, பத்துப் பத்துப் பேரா நாலு குரூப் வெளிய போகணும்னு கேட்டாரு. ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல.

நான் இந்தச் சம்பவத்தப் படிக்கும்போதெல்லாம் நின்னு யோசிக்கற இடம் இதுதான். நம்ம ஊர்ல லீடர்ஷிப்னா தைரியம் குடுக்கறது, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்"னு சொல்றதுன்னு ஒரு எண்ணம் இருக்கு. மசுதா பலகைல எழுதினது தைரியம் சொல்ற வார்த்தை எதுவும் இல்ல, வெறும் நேரமும் நம்பரும். முடிவ அவங்கவங்களே எடுக்கறதுக்கு வேண்டிய விஷயத்தக் குடுத்தாரு, அதனாலதான் வெளிய போனவங்க ஆர்டருக்குப் பயந்து போகல, புரிஞ்சுக்கிட்டுப் போனாங்க. புரிஞ்சுக்கிட்டுப் போன ஆளுதான் அடுத்த நாள் பிளான் மாறும்போதும் கூட நிப்பாரு, ஆர்டருக்காகப் போனவரு ரெண்டாவது தடவை ஆர்டர் மாறின உடனே "இவங்களுக்கே என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு முடிவு பண்ணிடுவாரு.

பிளான் மாறவும் செஞ்சுது, ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. சேதக் கணக்கு வந்ததும் புது மோட்டார், கேபிள், கரண்ட் வண்டி எல்லாம் வெளியேருந்து வரவழைக்கணும்னு முடிவாச்சு. கதிரியக்கக் கழிவைக் கையாளற கட்டடத்துல கரண்ட் இருந்துது, அங்கேருந்து கேபிள் இழுத்து பம்ப் கட்டடம் வரைக்கும் கொண்டு போகணும். மொத்தம் சுமார் 9 கிலோமீட்டர் கேபிள், 200 மீட்டர் துண்டு ஒண்ணு ஒரு டன் எடை, வழக்கமா மெஷின் வெச்சு ஒரு மாசம் பண்ற வேலை. சுமார் 200 பேரு கையாலயும் தோள்லயும் தூக்கி ஒண்ணேகால் நாளுக்குள்ள போட்டு முடிச்சாங்க. முதல்ல 2ம் யூனிட்டத்தான் காப்பாத்தணும்னு ஆரம்பிச்சாங்க, நடுவுல 1ம் யூனிட்ல அழுத்தம் வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சதும் வரிசைய மாத்தி 1ம் யூனிட்டுக்கு முன்னுரிமை குடுத்தாங்க. எல்லாத்துக்கும் ஒரே இடத்துலேருந்து கரண்ட் எடுத்தா கேபிளும் பத்தாது நேரமும் பத்தாதுன்னு புரிஞ்சதும், பொழச்சிருந்த 3ம் யூனிட் பக்கத்துலேருந்தும் எடுக்கலாம்னு திரும்பவும் மாத்தினாங்க. ஒரு டன் கேபிள தோள்ல வெச்சுக்கிட்டு நிக்கற ஆளுகிட்ட "இங்க இல்ல, அங்க"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு நடுவுல 12ம் தேதி மதியம் பக்கத்து டாய்ச்சில 1ம் யூனிட் வெடிச்சுது, அன்னிக்கு சாயந்திரமே டாய்னிய சுத்தியும் 10 கிலோமீட்டருக்கு ஜனங்கள வெளியேத்தச் சொல்லியாச்சு.

14ம் தேதி விடிகாலை 1.24க்கு 1ம் யூனிட்டுக்குக் கூலிங் திரும்ப வந்துது, காலைல 7 மணி வாக்குல 2ம் யூனிட், மதியம் 4ம் யூனிட். 15ம் தேதி காலைல நாலு ரியாக்டருமே குளிர்ந்து பாதுகாப்பான நிலைக்கு வந்தாச்சு, ஒரு தடவை கூட ஆவிய வெளிய விட வேண்டி வரல.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லணும். டாய்னி பொழச்சதுக்கு மசுதா மட்டும் காரணம் இல்ல. அங்க வெளியேருந்து வர்ற கரண்ட் லைன்ல ஒண்ணு தப்பிச்சிருந்துது, அதனால கன்ட்ரோல் ரூம்ல லைட் எரிஞ்சுது, மீட்டர் காட்டிச்சு, உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடிஞ்சுது. டாய்ச்சில அதுவும் போயிடுச்சு, அங்க இருந்தவங்க இருட்டுல கார் பேட்டரிய கழட்டிக் கொண்டு வந்து மீட்டர் பாத்தாங்க. ரெண்டு பிளாண்டையும் ஒப்பிட்டு அங்க தலைமை நல்லா இல்ல இங்க நல்லா இருந்துதுன்னு பேசறது அநியாயம். ஆனா ஒரு லைன் கரண்ட் இருந்தது வாய்ப்பக் குடுத்துதே தவிர கேபிளத் தூக்கல, அந்த 200 பேரு ஏன் நடுவுல கலைஞ்சு போகலங்கற கேள்விக்கு அந்த கரண்ட் லைன் பதில் சொல்லாது.

இப்போ 1949க்கு வருவோம். அமெரிக்காவுல மான்டானா மாகாணத்துல மேன் கல்ச்னு ஒரு மலைப் பள்ளத்தாக்கு, ஆகஸ்ட் 5ம் தேதி அங்க காட்டுத் தீ. ஸ்மோக்ஜம்பர்னு சொல்ற, விமானத்துலேருந்து பாராசூட்ல குதிச்சு தீய அணைக்கற ஆளுங்க 15 பேரு எறங்கினாங்க, கீழ ஏற்கனவே இருந்த ஒரு வனக் காவலரும் சேந்துக்கிட்டாரு, மொத்தம் 16. ஃபோர்மேன் வேக்னர் டாட்ஜ், அனுபவசாலி, அதிகம் பேசாத மனுஷன். எறங்கும்போதே ரேடியோ கட்டியிருந்த பாராசூட் விரியாம ரேடியோ நொறுங்கிப் போச்சு. பாத்தா சாதாரணத் தீ மாதிரிதான் இருந்துது, சாப்பிட்டுட்டு ஆத்துப் பக்கமா எறங்கிப் போய்க்கிட்டு இருந்தாங்க, திடீர்னு தீ பள்ளத்தாக்கத் தாண்டி அவங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு. டாட்ஜ் எல்லாரையும் திருப்பி மேல ஏறச் சொன்னாரு, செங்குத்தான சரிவு, முழங்கால் உயரக் காஞ்ச புல்லு, தீ அவங்களவிட வேகமா ஏறி வருது. கொஞ்ச தூரம் போனதும் கையில இருக்கற கருவியெல்லாம் கீழ போடுங்கன்னாரு. அதுக்கப்புறம் யாருமே எதிர்பாக்காத ஒண்ணு பண்ணாரு, தீக்குச்சியக் கிழிச்சு தனக்கு முன்னாடி இருக்கற புல்லுக்குத் தானே தீ வெச்சாரு.

அவரு யோசிச்சது சரி. முன்னாடி இருக்கற புல்லு எரிஞ்சு சாம்பலானா பெரிய தீ வரும்போது அங்க எரிய ஒண்ணும் இருக்காது, அந்தச் சாம்பல்ல குப்புறப் படுத்துக்கிட்டா தீ ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிடும். அந்த நிமிஷத்துல அவருக்கே தோணின விஷயம் அது, அதுக்கு முன்னாடி அப்படி ஒரு முறைய யாரும் தனக்குச் சொல்லிக் குடுக்கலன்னு பின்னாடி விசாரணைல சொல்லியிருக்காரு. இந்தத் தீக்குள்ள வாங்கன்னு கையக் காட்டிக் கூப்பிட்டாரு. ஒருத்தரும் வரல, பக்கத்துலயே ஓடிப் போனாங்க. ரெண்டு பேரு மலை உச்சில பாறை இடுக்கு வழியாத் தப்பிச்சாங்க, சாம்பல்ல படுத்த டாட்ஜ் உயிரோட எழுந்தாரு, மத்த 13 பேரும் செத்துட்டாங்க.

மாறும் திறமைங்கறது ஒரு தனி ஆளோட மூளைக்குள்ள இருக்கற விஷயம்னு நினைச்சா டாட்ஜுக்குத்தான் முழு மார்க் குடுக்கணும், அவர் பண்ணின மாதிரி ஒரு புது வழிய அந்த நெருக்கடில கண்டுபிடிச்சவங்க ரொம்பக் கம்மி. ஆனா 15 பேர நடத்திக்கிட்டுப் போன ஃபோர்மேனா பாத்தா அந்த வழி அவர ஒருத்தரத்தான் காப்பாத்திச்சு. ஏன் யாரும் வரலங்கறதுக்கு கார்ல் வைக்ங்கற ஆராய்ச்சியாளர் 1993ல ஒரு நீளமான அலசல் எழுதினாரு, அதுல எனக்கு முக்கியமாப் படறது இதுதான்: அந்த ஆளுங்க ஒண்ணா பயிற்சி எடுத்த டீமே இல்ல, அங்கங்கேருந்து சேத்து அனுப்பப்பட்டவங்க, டாட்ஜும் அந்த வருஷம் பேஸ்ல பராமரிப்பு வேலைல இருந்ததால இவங்களோட சேந்து பழகல. அவரோட குணம் அவங்களுக்குத் தெரியாது, அவங்க எப்படி யோசிப்பாங்கன்னு அவருக்குத் தெரியாது. தீயணைக்கற ஆளுகிட்ட கருவியக் கீழ போடுன்னு சொன்னா அவன் யாருங்கறதே அவனுக்குக் கொழம்பிப் போயிடும், அதுக்கு அடுத்த நிமிஷம் ஃபோர்மேனே தீ வெக்கறாருன்னா இவருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னுதான் தோணும்.

மசுதாவுக்கு மணிக்கணக்குல நேரம் இருந்துது, டாட்ஜுக்கு ஒரு நிமிஷம்தான் இருந்துது, அதனால ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெக்கறது சரியான்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா அதுலேருந்து நமக்குக் கெடைக்கற விஷயம் இன்னும் முக்கியமானது, நெருக்கடி நேரத்துல விளக்கம் சொல்ல ஒரு நிமிஷம்தான் கெடைக்கும்னா, மீதி விளக்கத்தையெல்லாம் அதுக்கு முன்னாடியே மாசக்கணக்குல சொல்லி வெச்சிருக்கணும். சின்னச் சின்ன முடிவுக்கெல்லாம் காரணம் சொல்லிப் பழகின மேனேஜர் ஒரு நாள் காரணம் சொல்ல நேரம் இல்லாம "இப்ப இதச் செய்ங்க, அப்புறம் சொல்றேன்"னு சொன்னா டீம் செய்யும், ஏன்னா அவரு சும்மா சொல்ல மாட்டாருன்னு அவங்களுக்குத் தெரியும். எப்பவுமே காரணம் சொல்லாத ஆளு அன்னிக்கு மட்டும் நம்பச் சொன்னா யாரு நம்புவாங்க?

இதெல்லாம் கீழ் நோக்கின பக்கம். மேல் நோக்கின பக்கம் ஒண்ணு இருக்கு, அப்ரைசல் ஃபார்ம்ல அதப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. டாய்ச்சில சூப்பரின்டென்டன்ட்டா இருந்த மசாவோ யோஷிதா, மார்ச் 12 சாயந்திரம் 1ம் யூனிட்டுக்குள்ள கடல் தண்ணிய ஏத்த ஆரம்பிச்சிருந்தாரு. பிரதமர் ஆபீஸ்ல இருந்த டெப்கோ அதிகாரி போன் பண்ணி நிறுத்துங்கன்னாரு, ஹெட் ஆபீஸும் அதையே சொல்லிச்சு. யோஷிதா பொறுப்பாளரக் கூப்பிட்டு, நான் இப்போ சத்தமா நிறுத்தச் சொல்லுவேன், நீங்க நிறுத்தாதீங்கன்னு மெதுவா சொல்லிட்டு, வீடியோ கான்ஃபரன்ஸ்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி நிறுத்துங்கன்னு ஆர்டர் போட்டாரு. தண்ணி நிக்காம போய்க்கிட்டே இருந்துது. பின்னாடி நடந்த விசாரணைகள்ல இது வெளிய வந்துது. இத வீரக் கதையா எடுத்துக்கிட்டு எல்லா மேனேஜரும் மேலிடத்த ஏமாத்தணும்னு நான் சொல்ல வரல. களத்துல இருக்கற ஆளு பாக்கற உண்மை மேல போய்ச் சேர வழியே இல்லாம, ஒரு நல்ல மனுஷன் நாடகம் ஆடித்தான் சரியானதச் செய்ய முடியும்ங்கற நிலைமைக்கு ஒரு அமைப்பு போயிருக்கேன்னுதான் வருத்தமா இருக்கு.

அந்த மாதிரி வழி அடைபட்டுப் போனா என்ன ஆகும்ங்கறதுக்கு நோக்கியா ஒரு உதாரணம். 2007ல ஐஃபோன் வந்ததுக்கப்புறம் நோக்கியாவோட சிம்பியன் சாஃப்ட்வேர் ஈடு குடுக்க முடியாதுன்னு உள்ள இருந்த நடு மட்டத்து ஆளுங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருந்துது. டிமோ வூரி, க்வி ஹுய்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நோக்கியாவோட மேல்மட்டம், நடுமட்டம், இன்ஜினியர்கள், வெளி நிபுணர்கள்னு 76 பேர்கிட்ட பேசி 2016ல வெளியிட்ட ஆய்வுல சொன்னது என்னன்னா, மேல இருந்தவங்களுக்குப் போட்டிக் கம்பெனிங்களப் பாத்தும் ஷேர்ஹோல்டர்களப் பாத்தும் பயம், நடுவுல இருந்தவங்களுக்கு மேல இருந்தவங்களப் பாத்து பயம், அதனால முடியாதுன்னு தெரிஞ்ச தேதிக்கும் முடியும்னு சொன்னாங்க, கெட்ட சேதி மேல போகவே இல்ல. மேல இருந்தவங்க அந்த நல்ல சேதிய நம்பி அடுத்த முடிவ எடுத்தாங்க. வெளியேருந்து பாத்தா அந்த மேனேஜர்கள் எல்லாரும் ரொம்ப வளைஞ்சு குடுக்கற ஆளுங்க, எதையும் மறுக்கல. 2013ல ஃபோன் பிசினஸ மைக்ரோசாஃப்ட்டுக்கு விக்கறதா அறிவிச்சாங்க. 2006ல உற்பத்தி ஆரம்பிச்ச நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி 2014 நவம்பர் 1ம் தேதி நின்னு போச்சு, அதுக்கு நேரடிக் காரணம் வரித் தகராறுல மாட்டி அந்த விற்பனைக்குள்ள சேர முடியாம போனதுதான்னாலும், அந்த ஃபோன் பிசினஸே விக்கற நிலைமைக்கு ஏன் வந்துதுன்னு பின்னாடி தேடிப் போனா உண்மைய மேல சொல்லப் பயந்த அந்த மீட்டிங் ரூமும் வழில வருது. வேலை போன ஆயிரக்கணக்கான பேரு நம்ம காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துப் பசங்களும் பொண்ணுங்களும்தான்.

நம்ம ஆபீஸ்கள்ல ரியாக்டரும் இல்ல காட்டுத் தீயும் இல்ல, ஆனா 2020 மார்ச் மாசத்துல ஐ.டி. கம்பெனில ப்ராஜெக்ட் மேனேஜரா இருந்த யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அது வரைக்கும் பல வெளிநாட்டு பேங்க் கிளையன்ட் ப்ராஜெக்ட்ல ஃபோன உள்ள எடுத்துட்டுப் போகவே விட மாட்டாங்க, வீட்டுலேருந்து வேலை பாக்கறதுங்கற பேச்சுக்கே எடம் இல்ல, தொலைத்தொடர்புத் துறையோட விதியும் அதுக்கு எடம் குடுக்காம இருந்து மார்ச் நடுவுலதான் தளர்த்தினாங்க. 24ம் தேதி ராத்திரி பிரதமர் டிவில பேசினாரு, நடு ராத்திரிலேருந்து லாக்டவுன். கிளையன்ட்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும், டெஸ்க்டாப்ப வண்டில ஏத்தி வீடு வீடா எறக்கணும், ஊருக்குப் போயிட்ட பையன் வீட்டுல நெட் இல்ல, ரெண்டு குழந்தைய வெச்சுக்கிட்டு ஒரே ரூம்ல இருக்கற பொண்ணு ராத்திரி 10 மணிக்கு மேலதான் வேலை பாக்க முடியும்ங்கறா. இத சமாளிச்சது சி.இ.ஓ. இல்ல, டீம் லீடும் ப்ராஜெக்ட் மேனேஜரும்தான், அதுலயும் நல்லா சமாளிச்சவங்க யாருன்னு பாத்தா யாரு வீட்டுல என்ன நிலைமைன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தவங்க. காலைல 9 மணிக்கு எல்லாரும் லாகின் ஆகியே தீரணும்னு பழைய ரூல வீட்டுக்குள்ளயும் நீட்டினவங்க டீம்ல ஆளுங்க வேற வேலை கெடைக்க ஆரம்பிச்சதும் பேப்பர் போட்டுட்டுப் போனாங்க.

அப்போ சாதாரண நாள்ல மசுதாவோட அந்த வெள்ளைப் பலகை எப்படி இருக்கும்? என் பார்வைல ரொம்ப எளிமையானது. ஒரு மாற்றம் வருதுன்னா எந்த நம்பர் மாறினதால அந்த முடிவு மாறிச்சோ அந்த நம்பர டீமுக்குக் காட்டறது, கிளையன்ட் பட்ஜெட்டக் கொறச்சாரா, டிஃபெக்ட் கூடிச்சா, ஆர்டர் விழுந்துதா, எதுவோ அது. எனக்கு இதுவரைக்கும் தெரிஞ்சது இவ்வளவுதான், மீதி வெள்ளிக்கிழமை தெரியும்னு சொல்றது, வெள்ளிக்கிழமையும் தெரியலன்னா தெரியலன்னு வந்து சொல்றது. பல மேனேஜர்கள் முழுசாத் தெரியற வரைக்கும் வாயத் திறக்க மாட்டாங்க, டீம் பயந்துடும்னு நினைப்பாங்க, ஆனா அதுக்குள்ள டீ கடைல வேற ஒரு கதை ஓட ஆரம்பிச்சிருக்கும், நெஜத்தவிட அது எப்பவும் மோசமா இருக்கும்.

அதவிட முக்கியமா எதை நிறுத்தறோம்னு சொல்லணும். டாய்னில 1ம் யூனிட் முதல்னு முடிவானப்போ 2ம் யூனிட் வேலை பின்னாடி போச்சு, ரெண்டையும் சேத்துப் பண்ணுங்கன்னு யாரும் சொல்லல. நம்ம ஆபீஸ்கள்ல புது முன்னுரிமை வரும், பழைய முன்னுரிமை போகாது, ரெண்டும் முதல்னு மெயில் வரும், நாலு மாசத்துல நாலு முதல் இருக்கும். டீம்ல இருக்கறவங்க மாற்றத்த எதிர்க்கறாங்கன்னு நாம சொல்ற இடத்துல பாதி இடத்துல அவங்க எதிர்க்கறது மாற்றத்த இல்ல, கூடிக்கிட்டே போற சுமைய. எதை நிறுத்தலாம்னு மேலேருந்து பதில் வாங்க வேண்டிய இடம் நடு மட்டம்தான், "இத எடுத்துக்கறோம், ஆனா அந்த ரிப்போர்ட் இந்த மாசத்தோட நிறுத்தறோம், சரியா சார்"னு மேல கேட்டு பதில் வாங்கறதுக்கு ஒரு தைரியம் வேணும், அந்தத் தைரியமும் இந்தத் திறமைக்குள்ளதான் வருது. அதே மாதிரி மேலேருந்து வர்ற எல்லா அசைவையும் அப்படியே கீழ தள்ளவும் கூடாது, திங்கக்கிழமை வந்த யோசனை புதன்கிழமை வாபஸ் ஆகலாம்னு தோணினா ரெண்டு நாள் தன்கிட்டயே வெச்சுக்கலாம். டாய்னில வழி எத்தனை தடவை மாறினாலும் ரியாக்டரக் குளிர வெக்கணும்ங்கற ஒரு விஷயம் மாறவே இல்ல, டீமுக்கு அந்த மாதிரி மாறாத ஒண்ணு கையில இருந்தாதான் மத்தது மாறும்போது தாங்க முடியும்.

இப்போ ஏ.ஐ. வந்ததுக்கப்புறம் நடு மட்டத்த கொறைக்கலாம்னு பல கம்பெனில பேசறாங்க. ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் தயாரிக்கறது, மீட்டிங் குறிப்பு எடுக்கறது மாதிரி வேலையெல்லாம் மெஷின் பண்ணும்தான், சந்தோஷமா விட்டுடலாம். ஆனா வேலையே மாறப் போகுதுன்னு பயந்துக்கிட்டு இருக்கற டீம் முன்னாடி நின்னு, உனக்கு என்ன மாறும், என்ன மாறாதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் பேசறதுக்கு அந்த ஆள அறிஞ்ச ஒரு மனுஷன் வேணும். அந்த மனுஷன எடுத்துட்டு மாற்றத்த வேகமாக் கொண்டு வரலாம்னு நினைக்கறவங்க மேன் கல்ச்ல என்ன நடந்துதுன்னு ஒரு தடவை படிக்கணும்.

கம்பெனிங்க பக்கமும் ஒரு பெரிய பொறுப்பு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டீமக் கலைச்சு, ப்ராஜெக்ட் முடிஞ்சதும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பி, மேனேஜர வேற கிளையன்ட் வேலைக்கு மாத்திட்டு, அப்புறம் அடாப்டபிலிட்டிக்கு ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் நடத்தறதுல எந்தப் பலனும் இல்ல. மசுதா தன்னோட ஆளுங்களத் தெரிஞ்சுக்கிட்டது ஒர்க்‌ஷாப்ல இல்ல, வருஷக்கணக்குல ஒரே இடத்துல வேலை பாத்ததுல. அதே மாதிரி ஒவ்வொரு ஆளையும் நூத்துக்கு நூறு சதவீதம் பில்லிங்ல, அதாவது கிளையன்ட்கிட்ட காசு வாங்கற வேலைலயே வெச்சிருந்தா திடீர்னு திரும்பறதுக்குக் கையே இருக்காது.

மேன் கல்ச் மாதிரி சாவுகளுக்கு அப்புறம் அமெரிக்க வனத்துறை 1957ல தீயணைக்கற ஆளுங்களுக்குப் பத்து நிரந்தர உத்தரவு எழுதிச்சு, அதுல ஒண்ணு, உத்தரவ தெளிவாக் குடு, புரிஞ்சுதான்னு உறுதி பண்ணிக்கோங்கறது. இப்போ அங்க ஒவ்வொரு வேலைக்கு அப்புறமும் ஃபோர்மேனும் ஆளுங்களும் சேந்து உக்காந்து என்ன பிளான் பண்ணோம், என்ன நடந்துது, ஏன் அப்படி நடந்துது, அடுத்த தடவை என்ன மாத்தலாம்னு நாலு கேள்வி பேசறாங்க, ராணுவத்துலேருந்து எடுத்துக்கிட்ட பழக்கம் அது. நம்ம ஆபீஸ்ல இத எதாவது பெருசா சொதப்பினப்போ மட்டும் பண்றாங்க, அப்போ அது யார் மேல பழி போடறதுங்கற மீட்டிங்காத்தான் முடியுது. ஒரு ரிலீஸ் தேதி ரெண்டு நாள் தள்ளிப் போன மாதிரி சின்ன விஷயத்துக்கு, யாரு வேலைக்கும் ஆபத்து இல்லாத நேரத்துல, பதினஞ்சு நிமிஷம் இந்த நாலு கேள்விய ஒரு டீம் லீட் பேச ஆரம்பிக்கலாம், அதுக்கு மேலேருந்து எந்த அப்ரூவலும் வாங்க வேண்டியதில்ல.